திரை ஓரத்து எண்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு இருட்டறை அக்கா என்று பேர். விளக்கை அணைத்துவிட்டு நாள் முழுக்க வயிறுகளை ஸ்கேன் செய்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? வாய் கொஞ்சம் நீளம். புதிதாக வேலைக்கு வரும் பெண்களிடம், "ஆரம்ப மாசத்துல துடிப்பைக் கண்ணால பாருங்கடி. சத்தம் கேக்குற பட்டன்ல விரல் போச்சு, ஒடிச்சிடுவேன்" என்பாள். அந்தப் பட்டனை அழுத்தினால் மெஷின் ஒலியலையை ஒரே இடத்தில் குவித்து அனுப்பும், அங்கே சூடு ஏறும், இளங்கருவுக்கு அது ஆகாது. எவ்வளவு ஏறக்கூடும் என்பதைத் திரை ஓரத்தில் ஒரு சின்ன எண் காட்டும்.

உபதேசமெல்லாம் ஊருக்குத்தான். நாத்தனார் வந்து படுத்தபோது எல்லாம் பறந்துவிட்டது. இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய கரு. "ஒரே ஒரு தடவை கேக்க வைங்க அண்ணி, என்னால நம்பவே முடியல" என்று அழுதாள். இவள் பட்டனைத் தட்டினாள். குடுகுடுவென்று துடிப்பு அறையை நிறைத்தது. நாத்தனார் சிரித்தாள், அழுதாள், "இன்னும் கொஞ்சம்" என்றாள். இவளும் கையை எடுக்காமல் சேர்ந்து அழுதுகொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்தபோதுதான் திரை ஓரத்து எண் எகிறியிருப்பது தெரிந்தது. முன்னால் வந்த பெரியவரின் கல்லீரல் ரத்த ஓட்டத்துக்கு வைத்த அளவு அப்படியே இருந்தது. மாற்றவே இல்லை. சட்டென்று பட்டனை அணைத்தாள்.

டாக்டரிடம் போய்ச் சொன்னாள். "கொஞ்ச நேரம்தானே, பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. இனிமே செய்யாதீங்க" என்றார். அந்தப் பெரும்பாலும்தான் அவளைத் தூங்க விடவில்லை. வீட்டில் போன் அடித்தாலே நாத்தனாரோ என்று ஓடினாள். நாத்தனாரிடம் மட்டும் வாய் திறக்கவில்லை. பயம்.

அடுத்த ஸ்கேனுக்குக் கருவுக்கான அளவை வைத்து, அதை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத்தான் தொடங்கினாள். திரையில் குழந்தை கையை ஆட்டியது. அதன் நெஞ்சு துடித்தது. போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. ஆனால் நாத்தனாரின் முகம் வெளுத்திருந்தது.

"சத்தம் எங்க அண்ணி? போயிடுச்சா?"

"ஐயோ, இல்லடி! இங்க பாரு, துடிக்குது பாரு."

"அப்புறம் ஏன் அன்னைக்கு மாதிரி கேக்க வைக்கல?"

சமாளிக்க ஆயிரம் பொய் இருந்தது. உண்மையையே சொன்னாள்.

"அன்னைக்கு வச்சது தப்புடி. அளவு அதிகம். இவ்வளவு சின்னப் பாப்பாவுக்கு அது ஆகாது."

நாத்தனார் வயிற்றின் மேலிருந்த அவள் கையைத் தள்ளிவிட்டு, ஜெல் ஒட்ட ஒட்ட இரண்டு கைகளாலும் வயிற்றை மூடிக்கொண்டாள்.

"வேற யாரையாவது வரச் சொல்லுங்க அண்ணி."