லாக்கரில் இருந்த காது

காது மிஷின் கொடுப்பது சுலபம். கொடுத்தபின் அது எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் வேலை. எண்பதுகளில் நெய்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியின் காதுப் பிரிவில் டெக்னீஷியனாக இருந்தேன். சட்டைப் பையில் ஒரு பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். அன்றைய மிஷின் அவ்வளவுதான். காது மந்தமானவரோடு குடித்தனம் பண்ணுகிறவர்களுக்கு மேற்கொண்டு நான் விளக்க வேண்டாம்.

பைக்கு மரியாதை

கேண்டீன் சூப்பர்வைசர் ஒருவர், திருநெல்வேலிக்காரர், மிஷினைத் திருப்பிக் கொடுக்க வந்தார். நன்றாகத்தான் கேட்கிறதாம். ஆனால் பெட்டியில்தான் மைக் இருக்கிறது என்று யாரோ சொல்லப்போக, சாப்பிட வருகிறவர்கள் எல்லாரும் குனிந்து அவர் நெஞ்சைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டார்களாம்.

"என் மூஞ்சிய ஒருத்தன் பாக்க மாட்டேங்கான் சார். சாம்பார்ல உப்பு இல்லன்னு சட்டைப் பைகிட்ட போய்ச் சொல்லுதான்."

இரவல்

அயர்ன் பாக்ஸ், ஸ்கூட்டர் எல்லாம் இரவல் போவது டவுன்ஷிப்பில் சகஜம். ஒருவர் தன் காது மிஷினையே பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் கொடுத்துவிட்டார், மகனுக்குப் பெண் பார்க்கப் போகிறார் என்று. காதில் செருகும் அச்சு அவரவர் காதுக்கு அளவெடுத்துச் செய்வது. வேறு காதில் சரியாக உட்காராவிட்டால் மிஷின் 'கீ' என்று கத்தும். போன இடத்தில் கத்தியது. மிஷின் சரியில்லை என்று என்னிடம் புகார் சொல்ல வந்தவரும் பெரியவர்தான்.

"பால் குக்கர் கத்துதுன்னு பொண்ணோட அம்மா அடுப்பாண்டயே ஓடிகினு இருந்தாங்க சார். கடைசி வரைக்கும் ஒக்காந்து பேசவே இல்ல."

கேட்டில் பிடிப்பார்கள்

கோதண்டபாணிக்குத் தெர்மல் மின் நிலையத்தில் பாய்லர் செக்ஷன். சொந்த ஊர் கம்மாபுரம் பக்கம். வருஷக்கணக்கில் அந்த இரைச்சலில் நின்றே காது போனவர். மிஷின் கொடுத்துக் கொஞ்ச நாள் கழித்து அவர் மனைவி அஞ்சலை கோபமாக வந்தார். "மிஷின் குடுத்துட்டோம்னு சொல்றீங்க. வூட்ல நான் இன்னும் கத்திகினுதான் கெடக்கறேன்" என்றார்.

கோதண்டபாணியை வரவழைத்து விசாரித்தேன். ஹெல்மெட், பூட்ஸ் மாதிரி இதுவும் டியூட்டிக்குக் கொடுத்த சாமான் என்று நினைத்து, ஷிஃப்ட் முடிந்ததும் கழற்றி லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். பாய்லர் இரைச்சலுக்கு மிஷின், பெண்டாட்டி பேச்சுக்கு வெறும் காது! ஏன் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை என்று கத்திக் கேட்டேன்.

"கம்பெனி சாமான எடுத்துகினு போனா கேட்ல புடிச்சிப்பாங்க சார். நமக்குப் பர்மனென்ட் வேலைங்க."

கத்திச் சொல்ல முடியாத சேதி

கேட்டில் காட்ட ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, வெளியே காத்திருந்த அஞ்சலையிடம் சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. குவார்ட்டர்ஸில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். புருஷனிடம் சொல்வதெல்லாம் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

"அடுத்த வாரம் கர்ப்பப்பைய எடுக்கணும்ங்கறாங்க சார். பயமா இருக்குது. இத எப்படி நான் அவருகிட்ட கத்திச் சொல்றது?"

வார்டில்

சேதி மெதுவான குரலிலேயே போய்ச் சேர்ந்திருந்தது. கோதண்டபாணி லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த மறுநாள் வார்டுப் பக்கம் போனேன். அஞ்சலை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். இவர் ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, பெட்டியைப் பையிலிருந்து எடுத்து மனைவியின் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். சத்தத்தைக் கடைசிவரை திருகி வைத்திருந்தார். எனக்கு மனசு இளகிப் போயிற்று. ஆனாலும் தொழில் புத்தி விடுமா? "தூங்கறவங்ககிட்ட என்ன கேக்கப் போகுது? பாட்டரி வீணாகும், ஆஃப் பண்ணுங்க" என்றேன்.

"வேணாங்க சார். மூச்சு வுடறது கேக்குது. இருக்கட்டும்."

எங்களிடம் மிஷின் வாங்கிப்போய் பாட்டரியை வீணாக்கியவர்கள் ஏராளம். அவரைப் போல உருப்படியாக வீணாக்கியவரை நான் பார்த்ததில்லை.