கடலை மடிக்க எடுத்த இங்கிலீஷ் புத்தகம்

இதை எழுத எனக்குப் பல வருடம் மனம் வரவில்லை. முருகன்மேல் பாரத்தைப் போட்டு இப்போது எழுதுகிறேன்.

என் மகள் காலேஜில் இங்கிலீஷ் படித்தாள். புதுப் புத்தகம் வாங்க வசதியில்லை. மலையில் எனக்கு ஏலக்காய் எடுக்கும் வேலை இல்லாத நாளில் போடி டவுனில் பழைய பேப்பர் கடையில் தேடுவேன். அன்று அவள் சொன்ன நாடகப் புத்தகம் அங்கே இருந்தது. ஆனால் கடலைவண்டிக்காரர் ஒருவர் பொட்டலம் மடிக்க அதை எடுத்து, அட்டையைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, எம் மக பரீட்சைக்கு வேணும். குடுத்துருங்க.”

“காயெடுக்குற ஆத்தாவுக்கு இங்கிலீசு கேக்குதோ? சோலியப் பாரு.”

பிடித்து இழுத்தேன். அவர் என் முடியைப் பற்றி முகத்தைக் கடைத் தராசில் மோதினார். நான் அவர் கையைக் கடித்தேன். புத்தகம் கீழே விழுந்து, என் கால் அதில் பட்டுவிட்டது. சண்டையை மறந்து குனிந்து, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். அந்த நேரம் அவர் ஓங்கிய எடைக்கல் என் உச்சந்தலையில் இறங்கியது.

ரத்தம் பக்கங்களில் கொட்டியது. அவர் கல்லைக் கீழே போட்டார்.

“ரத்தம் பட்டதுல கடலை மடிக்க முடியாது. கொண்டு போ ஆத்தா. வெரசா ஆஸ்பத்திரிக்குப் போ.”

ஒட்டிப்போன பக்கங்களைப் பிரித்துப் படித்துத்தான் மகள் தேறினாள். இதைப் பிறருக்குச் சொல்கிறவர்கள் அவரை நல்லவராக்க வேண்டாம், என்னைப் பெரியவளாக்கவும் வேண்டாம். நடந்தபடியே சொல்லுங்கள்.