பின்பலகையில் நான்கு துளைகள்

மினசோட்டாவின் வடக்கு மூலையில், இரும்புச் சுரங்கத்துக்கும் பெர்ச் ஏரிக்கும் நடுவில் கிடக்கிற எங்கள் ஊரில், காரைப் பனியில் நிறுத்திவிட்டுப் படகைக் கொட்டகைக்குள் வைத்தவள் லெம்பி ஒருத்திதான். காலையில் அந்தக் காரைக் கிளப்ப அவள் படுகிற பாட்டைத் தெருவே பார்த்துச் சிரித்தது. கேட்டால், கார் நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம், படகு நனைந்தவரை போதும் என்பாள். படகு என்றால் பெரிய கப்பல் ஒன்றுமில்லை. எழுபதுகளில் வந்த ஃபைபர் படகு. வெளியே வெள்ளை, உள்ளே வெளுத்துப்போன நீலம், மூக்கு கொஞ்சம் சப்பை.

பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் லெம்பி. ஊரில் பாதிப் பேர் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், ஆகையால் ஊரை அதட்டும் உரிமை அவளுக்கு உண்டு. அவள் கணவன் ரெய்னோ சுரங்கத்தில் லாரி ஓட்டியவன். அதட்டலுக்கு அகப்படாத ஒரே ஆள். வாரமெல்லாம் அவரவர் வேலை, கோடைக்காலத்து ஞாயிறு மட்டும் இருவருக்கும் பொதுவாக அந்தப் படகு. தண்ணீரைக் கண்டால் லெம்பிக்கு இருப்புக் கொள்ளாது, குதித்துவிடுவாள். ரெய்னோவுக்குத் தண்ணீர் என்பது மீன் இருக்கிற இடம், அவ்வளவுதான். நீந்தத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் மாட்டான். அவள் நீந்தும்போது அவன் தூண்டிலைப் பிடித்துக்கொண்டு, மீனையெல்லாம் விரட்டுகிறாள் என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பான். இருவரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்று சொல்ல இதைவிட வேறு என்ன வேண்டும்.

போன இலையுதிர்காலத்தில் ரெய்னோவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது, கொஞ்சம் இழுவையோடு. வலது காலைக் கோலூன்றி நகர்த்தக் கற்றுக்கொண்டான். வலது கை மட்டும் வரமாட்டேன் என்று தொங்கியது. ஆனால் லெம்பியைப் பயமுறுத்தியது கையும் காலும் அல்ல. ஏரிப் பேச்சை எடுத்தாலே அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான்.

"என்னை மூட்டை மாதிரி தூக்கிப் படகுல போடறதை ஊர் பாக்கணுமா? வித்துடு அதை" என்றான். அதோடு சமையலறை ஜன்னலோரம் போய் உட்கார்ந்தவன், குளிர்காலம் முழுக்க அங்கேயே இருந்தான்.

தடைக்காலம் முடிந்து மே மாதத்தில் மீன்பிடிப்புத் தொடங்கும் நாள் வந்தால் எங்கள் பக்கத்தில் கல்யாணத்தையும் தள்ளிப்போடுவார்கள், சாவையும் முடிந்தால் தள்ளிப்போடுவார்கள். அந்த நாளில் ரெய்னோ ஏரியில் இல்லாவிட்டால் இனி எந்த நாளிலும் இருக்கமாட்டான், ஜன்னலோரமே உட்கார்ந்து தேய்ந்துபோவான் என்று லெம்பிக்குத் தோன்றிவிட்டது. படகைப் பற்றியும் அவளுக்குத் தெரியும். இரண்டு வருடமாகவே அதன் தரையில் கால் வைத்தால் மெத்தைபோல அமுங்கியது. நல்ல காலுக்கே பிடிமானம் இல்லாத தரையில் ரெய்னோ எப்படி நிற்பான்? ஆகவே, அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், படகைக் கொட்டகைக்குள் இழுத்துவிட்டாள்.

பக்கத்து வீட்டு எல்மர், குழாய் வேலை பார்த்தவன், சுத்தியலோடு வந்து படகை அங்கங்கே தட்டினான். நல்ல மரம் இருக்கிற இடத்தில் கணீரென்று கேட்கவேண்டும். பின்பலகை முழுக்க, அதாவது மோட்டார் தொங்குகிற அந்தப் பின்சுவர் முழுக்க, ஈரத் தலையணையைத் தட்டுவதுபோல்தான் கேட்டது.

"ஓடு மட்டும்தான் படகு, லெம்பி. உள்ள இருக்கறது உரம். தக்காளி நடலாம், நல்லா வரும்" என்றான் எல்மர்.

ஃபைபர் படகின் சூதே அதுதான். மேல் ஓடு சாகாது. ஓட்டுக்குள்ளே பலத்துக்காக மரத்தை வைத்துப் பொதிந்திருப்பார்கள். எங்காவது ஒரு சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் நுழைந்தால், வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே உட்கார்ந்து மரத்தைத் தின்னும். வெளியே பார்த்தால் பளபளப்பு குறையாது. லெம்பி தரையை அறுத்தெடுத்தாள். அடியில் நீளவாக்கில் ஓடிய கட்டைகளுக்கு உளியே தேவைப்படவில்லை, பள்ளிக்கூடத்துப் பெரிய சூப்புக் கரண்டியால் வழித்தே எடுத்துவிட்டாள். மழைக்குப் பிறகு காட்டில் காளான் மணக்குமே, அந்த வாசனை கொட்டகை முழுக்க.

எலும்பில்லாத ஓடு உருக்குலைந்துவிடும் என்று எல்மர் குறுக்கே முட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். மறுநாள் மதியம் கொட்டகைக் கதவைத் திறந்தபோது, பனியில் பட்ட வெயில் கீழிருந்து படகின் மேல் அடித்தது. உள்ளே ஒன்றுமில்லாத அந்த ஓடு வெளிச்சத்தைக் குடித்து மெல்ல ஒளிர்ந்தது. பச்சையும் பாலும் கலந்த ஒரு நிறம். லெம்பி உள்ளே ஏறி, கோட்டும் தொப்பியுமாக அப்படியே மல்லாந்து படுத்தாள். ஏரிக்குள் மூழ்கிக் கண்ணைத் திறந்தால் இந்த நிறம்தான் தெரியும். அரைத்தூக்கத்தில் படகு நகர்ந்தது. தெருவைக் கடந்து, பனி மூடிய வேலிகளைக் கடந்து, சத்தமே இல்லாமல் போனது. முன்பக்கம் ரெய்னோ உட்கார்ந்திருந்தான், திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் இருந்தான். விழித்தபோது அவள் மூக்கு மரத்துப்போயிருந்தது. அதற்குப் பிறகு மதியம்தோறும் கொஞ்ச நேரம் அதில் போய்ப் படுப்பது வழக்கமாகிவிட்டது. வேலை நடக்கிறது என்று தெரு நினைத்துக்கொண்டது.

பின்பலகையைக் குடைந்தெடுத்த அன்றுதான் எல்லாம் கெட்டது. மேலே பழுப்பாக இருந்த மரம் கீழே போகப்போகக் கறுத்தது. அந்தக் கறுப்பெல்லாம் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்பியிருந்தது. துருப்பிடித்த நான்கு திருகுகள். பலகைக்கு வெளியே அந்த இடத்தில் என்ன இருந்தது என்று அவளுக்கு நினைவூட்ட யாரும் வேண்டியதில்லை. அவள் நீந்திவிட்டு ஏறுவதற்காக ரெய்னோ பூட்டிய ஏணி.

தலைமுதல் கால்வரை வெள்ளைத் தூசியோடு அப்படியே சமையலறைக்குள் நுழைந்தாள்.

"படகை எது தின்னுச்சுன்னு தெரியுமா? உன் ஏணிதான்" என்றாள். "நாலு ஓட்டை போட்டியே, அதுல தண்ணி புகாம ஒரு சொட்டுப் பசை வெச்சியா? இத்தனை வருஷமா அது வழியாத்தான் தண்ணி குடிச்சிருக்கு. நாலு சொட்டுப் பசைக்கு ஒரு படகே போச்சு, ரெய்னோ."

ரெய்னோ தன் வலது கையை இடது கையால் எடுத்து, ஒரு பொருளை நகர்த்துவதுபோல, மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான்.

கோபம் வடிந்தபிறகுதான் லெம்பிக்கு அந்த நாளே நினைவு வந்தது. படகு வாங்கிய முதல் கோடை. நடு ஏரியில் குதித்துவிட்டாள், ஏற முடியவில்லை. ரெய்னோ அவளைக் கக்கத்தில் பிடித்து, பெரிய மீனை இழுப்பதுபோல் இழுத்துப் போட்டான். முழங்கால் சிராய்த்துவிட்டது, வீடு வரும்வரை இருவரும் சிரித்தார்கள். அது சனிக்கிழமை சாயங்காலம், ஊரில் கடை சாத்தியாகிவிட்டது. மறுநாள் நீந்த வேண்டும் என்று அவள்தான் அடம்பிடித்தாள். அடுத்த வாரம் பசை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அவன் அன்றைக்கே ஏணியைப் பூட்டினான். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. நல்ல கோடையாக இருந்தால் யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்? இதையெல்லாம் நினைக்க நினைக்க லெம்பிக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று பலமுறை போனாள். காப்பி வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள். இருந்த நாலு வார்த்தையும் அவன் இப்போது பேசுவதில்லை.

மார்ச் வந்தது, குளிர் போகவில்லை. புதுப் பின்பலகைக்கு இரண்டு பிளைவுட்டுகளை அளவாக அறுத்து, நடுவில் ரெசின் என்கிற, இறுகினால் கல்லாகிவிடும் பிசினைத் தடவி ஒட்டினாள். ரெசின் கலக்குவது சமைத்துப் பழகிய கைக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிசுபிசுப்பைப் பார்த்தே பதம் சொல்லிவிடுவாள். ஆனால் கொட்டகைக் குளிரில் ரெசின் இறுகவே இல்லை, ஆறிப்போன கஞ்சிபோல அப்படியே நின்றது. சூடான இடம் வேண்டும். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு, தாத்தாக்கள் ஃபின்லாந்திலிருந்து கொண்டுவந்த பழக்கமாக, கொல்லையில் ஒரு சௌனா உண்டு. மர அறை, நடுவில் அடுப்பு, அடுப்பின் மேல் கற்கள். சுட்ட கற்களில் தண்ணீர் ஊற்றி, எழும் ஆவியில் மேல்தட்டில் உட்கார்ந்து, பிர்ச் இலைக்கொத்தால் முதுகில் அடித்துக் குளிப்பார்கள். லெம்பி அளவாக விறகு போட்டு, பலகையை மேல்தட்டில் நிமிர்த்தி வைத்தாள். இதுவரை எல்லாம் சரி. கதகதப்பு வந்ததும், சௌனாவுக்குள் பிறந்து வளர்ந்த கை அதுபாட்டுக்கு வாளிக்குப் போனது. ஒரு அகப்பைத் தண்ணீரை எடுத்துக் கற்களின் மேல் வீசினாள். ஆவி புஸ்ஸென்று எழுந்தபிறகுதான் மேல்தட்டில் இருப்பது மனுஷன் இல்லை என்று உறைத்தது.

இறுகாத ரெசினுக்கு ஈரம் ஆகாது. வெளியே எடுத்துவந்தபோது அது பாலாகத் திரிந்து, நுரை கட்டி, பலகைகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அதை முற்றத்துப் பனியில் போட்டுவிட்டு, உள்ளே போய், நடந்ததைச் சுவரைப் பார்த்துச் சொல்வதுபோல் சொன்னாள். சொல்லாமல் இருந்தால் எல்மர் சொல்லிவிடுவான்.

ஜன்னலோரத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமுகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள்.

"தண்ணி ஊத்தினியா?" என்றான் ரெய்னோ. "முதுகு தேச்சு விட்டியா? பிர்ச் இலையால ரெண்டு போட்டியா?" அதற்கு மேல் பேச முடியவில்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ள, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். லெம்பியும் அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள், தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு மீன் சூப்பும் கம்பு ரொட்டியும் முன்னால் வைக்கும்போதெல்லாம் அவன் ஒரே ஒரு கேள்வி கேட்பான். பலகை குளிச்சாச்சா? அவ்வளவுதான், ஆனால் கேட்டான். இரண்டாவது பலகை சௌனாவில் ஒரு துளி தண்ணீர் படாமல் கல்லாக இறுகியது. வாளியை அவள் வீட்டுக்குள் கொண்டுவந்து பூட்டி வைத்திருந்தாள். ஏப்ரலில் நீளக்கட்டைகள் உட்கார்ந்தன. அவற்றின்மேல் கண்ணாடி இழைத் துணியை விரித்து, ரெசினைத் தோய்த்து, காற்றுக் குமிழ்களை உருளையால் ஓட்டி ஓட்டி வெளியேற்றினாள். வெள்ளைத் துணி ஈரமானதும் கண்ணெதிரே மறைந்து, அடியிலிருக்கும் மரம் தெளிந்து தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே ஒரு மதியம் முழுக்க ஓட்டிவிடுவாள். கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டியது. ஏரியில் பனிக்கட்டி விரிசல் விடுகிற சத்தம் தூரத்தில் கேட்டது. தரை வந்துவிட்டது, இனி அதில் கனவு காணப் படுக்க முடியாது என்று கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

கடைசியில் அவள் பெருமைப்பட்டது பின்பலகையைப் பார்த்துத்தான். மோட்டார் மேலே கொக்கியில் மாட்டிக்கொள்ளும், கீழே ஒரு ஊசிக்கண் ஓட்டைகூடக் கிடையாது. இனி எங்களுக்குப் பின்னாலும் இது இருக்கும் என்று எல்மரிடம் தடவித் தடவிக் காட்டினாள்.

மீன்பிடிப்புத் தொடங்க ஒரு வாரம் இருந்தது. ரெய்னோவிடம் கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை. மாட்டேன் என்று அவன் இன்னொரு தரம் சொல்லிவிட்டால், குளிர்காலம் முழுக்கச் செய்த வேலை வெறும் பொழுதுபோக்கு ஆகிவிடும். அப்போதுதான் முற்றத்துச் சேற்றில் கோல் சப்தம் கேட்டது. ரெய்னோ கொட்டகை வாசலில் நின்றான். மூச்சு வாங்கியது. கழுத்தில் ஒரு கயிறு, கயிற்றில் துளைபோடும் மெஷின் தொங்கியது. சட்டைப்பையில் ஒரு பசைக் குழாய் பிதுங்கிக்கொண்டிருந்தது.

படகைச் சுற்றி வந்தான். சுவரில் சாய்ந்திருந்த பழைய ஏணியைக் கோலால் காட்டி, பின்பலகையில் வைத்துப் பிடிக்கச் சொன்னான்.

"வேணாம், ரெய்னோ. ஒரு ஓட்டைகூட இல்லாம செஞ்சிருக்கேன். அந்த ஏணியாலதானே எல்லாம் போச்சு" என்றாள்.

"அன்னிக்கு ஏணி இல்லைன்னாலும் உன்னைத் தூக்க எனக்குக் கை இருந்துச்சு" என்றான் ரெய்னோ, ஒவ்வொரு வார்த்தையாக. "இப்ப இல்லை. நீ குதிப்ப. குதிக்காம இருக்கமாட்ட. ஏறி வர வழி வேணும்ல. நான் மேல உக்காந்து வேடிக்கையா பாப்பேன்?"

அவள் ஏணியைப் பிடித்தாள். இடது கையால் அவன் நான்கு துளைகள் போட்டான், தேவைக்கு மேல் பெரிதாக. அவற்றை ரெசினால் நிரப்பச் சொன்னான். இறுகும்வரை இருவரும் கவிழ்த்த வாளிகள்மேல் உட்கார்ந்து ஏலக்காய் ரொட்டியும் காப்பியும் சாப்பிட்டார்கள். பிறகு ரெசினின் நடுவே மெல்லிய துளைகள் போட்டு, பசையை வழிய வழிய வைத்து, திருகுகளை ஏற்றினான். மரத்துக்குத் தண்ணீர் போக இப்போது வழியே இல்லை.

"இந்த வாரம் பசை கிடைச்சுது" என்றான்.

தொடக்க நாளன்று படகுத்துறையில் ஊரே இருந்தது. எங்கள் ஊரில் மரியாதை என்றால் பார்க்காமல் இருப்பது. ரெய்னோ கோலை லெம்பியிடம் கொடுத்துவிட்டுப் படகுக்குள் ஒரு காலை எடுத்துவைத்தபோது, அத்தனை பேருக்கும் தூண்டில் முள்ளில் ஏதோ அவசர வேலை வந்துவிட்டது. எல்மர் வானத்தைப் பார்த்தான். தரை அசையவில்லை. ரெய்னோ இரண்டு காலையும் ஊன்றி ஒரு கணம் நின்றான், பிறகு உட்கார்ந்து, எதற்கு இவ்வளவு நேரம் என்று மற்றவர்களை அதட்டினான்.

நடு ஏரியில் மோட்டாரை நிறுத்தியதும் லெம்பி குதித்தாள். பனிக்கட்டி உருகி ரொம்ப நாள் ஆகாத தண்ணீர், மூச்சே நின்றுவிட்டது. கீழே அந்தப் பச்சையும் பாலும் கலந்த நிறம். மேலே வந்து ஏணியின் அடிப்படியைப் பிடித்தாள். ஏறிவிடலாம், ஆனால் ஏறவில்லை. மேலே படகின் விளிம்பைத் தாண்டி, ரெய்னோ நல்ல கையால் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு, அவளைத் தேடிக் குனிந்துகொண்டிருந்தான். அதை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கவேண்டும் என்றிருந்தது அவளுக்கு.