எதிர்மலைப் பந்தம்

தீர்த்தகிரிக்கு வானத்து ஆட்களோடு பழக்கம் உண்டு என்று காவலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் பேச்சு இருந்தது. பேச்சு முழுப் பொய் இல்லை. ஆனால் அதே மனிதர் தன் சொந்தத் தம்பியோடு பேச்சை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை நேராக வரும்.

ஜவ்வாது மலையில் சாமை விளைவிக்கிறவனுக்குப் பாதி வேலை பகலில், மீதி வேலை பொழுது சாய்ந்த பிறகு. கதிர் முற்றினால் காட்டுப்பன்றி மோப்பம் பிடித்துவிடும். சாமை விளைகிற கொல்லையிலேயே பரண் கட்டி ஏறி உட்கார்ந்து காக்க வேண்டும். தீர்த்தகிரியின் பரண் இந்தச் சரிவில் இருந்தது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம், எதிர்மலையில், தம்பி வீரனின் பரண். இருட்டத் தொடங்கியதும் ஒருவன் பந்தத்தைக் கொளுத்தி மூன்று முறை தூக்கிக் காட்டுவான். 'ஆள் இருக்கா?' என்று அர்த்தம். எதிர்ப் பரணில் பந்தம் மூன்று முறை எழும்பினால் 'இருக்கேன்' என்று அர்த்தம். பதில் வராவிட்டால் பாம்போ கரடியோ என்று பதறி, கேட்டவன் பள்ளம் இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். அப்பன் காலத்துப் பழக்கம்.

ஒரு வருஷம் வீரன் கொல்லையில் பன்றிக் கூட்டம் இறங்கிவிட்டது. அவன் பந்தத்தைத் தூக்கித் தூக்கிக் கை ஓய்ந்தான். அண்ணன் பதிலும் தரவில்லை, வரவும் இல்லை. விடிந்தபோது கொல்லையில் கதிர் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. தீர்த்தகிரி தூங்கிவிட்டார், நடந்தது அவ்வளவுதான். 'தூங்கிட்டண்டா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அவரோ, "நீ தூக்கவே இல்ல. தூக்கியிருந்தா எனக்குத் தெரியாதா?" என்றார்.

வீரன், "இனிமே உன் எதிர்ல பந்தம் தூக்க மாட்டேன். அம்மன் மேல சத்தியம்" என்று சொல்லிவிட்டு, மனைவி குப்பம்மாளை அழைத்துக்கொண்டு ஒடுகத்தூருக்கு இறங்கி, மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கப் போய்விட்டான்.

தீர்த்தகிரி போய் அழைக்கவில்லை. பெரியவன் நான், சின்னவன் வரட்டும் என்று இருந்தார். வீம்புக்கு அந்த மலையில் பஞ்சமே கிடையாது. ஆனால் ஒவ்வொரு சாமைக் காலத்திலும் பரண் ஏறினதும் முதலில் எதிர்மலையைத்தான் பார்ப்பார். அங்கே முள் மண்டிக் கிடக்கும். பந்தம் கொளுத்தினாலும் தூக்கமாட்டார். யாருக்குத் தூக்குவது? தம்பி திரும்பி வரவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் அதை மனைவி சாந்தம்மாளிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

இப்படி இருக்கையில்தான் ஸ்கைலாப் விழுந்த வருஷம் வந்தது. அமெரிக்காக்காரன் மேலே அனுப்பிய அந்தப் பெரிய பொருள் நம் தலையில்தான் விழும் என்று பயந்து, சாவதற்கு முன் தின்றுவிடலாம் என்று இருந்த கோழியை எல்லாம் அடித்துத் தின்றவர்கள் உண்டு. அது எங்கேயோ கடல் தாண்டிப் போய் விழுந்தது. போனது கோழிகள்தான். அதற்குப் பிறகு மலையில் எல்லாருக்கும் அண்ணாந்து பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. காவலூரில் டீக்கடை வைத்திருந்த பழனி, பேப்பரில் வந்த பறக்கும் தட்டுச் செய்தியை உரக்கப் படிப்பான். தட்டு என்றால் சோற்றுத் தட்டு மாதிரியா, முறம் மாதிரியா என்று பெஞ்சில் இருப்பவர்கள் சண்டை போடுவார்கள்.

அந்த ஐப்பசிக் கடைசியில் ஒருநாள் பொழுது சாய்கிற நேரம். பனி பள்ளத்தை நிரப்பி எதிர்மலையை ஏறக்குறைய மூடிவிட்டது. அதற்கு மேலே, வெறும் ஆகாயத்தில், ஒரு வெள்ளை வெளிச்சம் தொங்கியது. பந்தம் போல் சிவப்பு இல்லை, நடுங்கவும் இல்லை. தீர்த்தகிரி அன்றைக்குப் பன்றியை மறந்தார்.

"அண்ணாமலை தீபமா இருக்கும்" என்றாள் சாந்தம்மாள்.

"தீபத்துக்கு இன்னும் நாள் கீது. அதுவுமில்லாம திருவண்ணாமலை இன்னா நம்ம எதிர்க் கொல்லையிலயா கீது?"

அடுத்த நாள் பழனி கடையில் கோபால் உட்கார்ந்திருந்தார். ஒடுகத்தூர்க்காரர். காவலூர் வானாராய்ச்சி நிலையத்தில் எலெக்ட்ரீஷியன். தீர்த்தகிரி அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"சார், மேல ஆள் கீதா?"

கோபால் சிரிக்கவில்லை. "தெரியலண்ணா. எங்க பெரிய விஞ்ஞானிங்களக் கேட்டாலும் தெரியலன்னுதான் சொல்வாங்க. இவ்ளோ நட்சத்திரம் கீது, எங்கியாவது இருக்கலாம். ஆனா இதுவரைக்கும் ஒருத்தரும் இருக்கேன்னு சொல்லல."

"நீங்க கேட்டீங்களா?"

"எங்க எடத்துல பாக்கறதோட சரிண்ணா. கேக்கற வேலை கெடையாது."

"கேக்காம எப்படி சார் சொல்லுவாங்க?"

இந்த நியாயத்தைத் தன் தம்பி விஷயத்தில் அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. ஊருக்குத்தானே உபதேசம்!

அன்று மாலை வெளிச்சம் மறுபடி வந்தது. தீர்த்தகிரி பந்தத்தைக் கொளுத்தினார். பல வருஷமாகத் தூக்காத கை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மூன்று முறை தூக்கிக் காட்டினார். எதிரே வெளிச்சம் ஆடாமல் நின்றது. பிறகு அணைந்தது. பயந்து ஓடிப்போய்விட்டார்கள் போல என்று இவர் நினைக்கும்போதே மின்னியது. ஒன்று. இரண்டு. மூன்று.

தீர்த்தகிரி பரணிலிருந்து குதித்து இறங்கினார். வீட்டுக்கு ஓடி, "ஆள் கீதுமே! நம்மள மாதிரியே மூணு வாட்டி காட்டறாங்க!" என்றார். சந்தோஷத்தில் அவருக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் கழித்து ஒரு பதில் வந்ததே, அது எங்கிருந்து வந்தால் என்ன?

அதன் பிறகு தினமும் பொழுது சாய்ந்ததும் இவர் தூக்குவார், அது மின்னும். சில நாள் அது முதலில் கேட்கும், இவர் பதில் சொல்வார். பரணுக்குப் போகுமுன் தலைக்கு எண்ணெய் தடவிச் சீவிக்கொள்ள ஆரம்பித்தார். விஷயம் ஊரில் பரவாமல் இருக்குமா? ஜவ்வாது மலையில் ஊர்களைச் சேர்த்துச் சேர்த்து நாடு என்பார்கள். புது ஆளைக் கண்டால் முதல் கேள்வியே எந்த நாடு என்பதுதான். பக்கத்து வீட்டுப் பச்சையம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்: "உங்கூட்டுக்காரர் சிநேகிதக்காரங்க எந்த நாடாம்?"

"மேல்நாடாம்" என்றாள் சாந்தம்மாள் எரிச்சலாக.

"பொண்ணு குடுப்பாங்களான்னு கேட்டுச் சொல்லு. எங்க பையன் சும்மாத்தான் கீறான்."

ஊர் சிரித்ததைப் பற்றித் தீர்த்தகிரி கவலைப்படவில்லை. ஆனால் கோபால் என்ன நினைக்கிறார் என்று தெரியவேண்டும். நேரில் வந்து பார்க்கச் சொன்னார். கோபாலும் ஒரு சாயங்காலம் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து பரணில் ஏறினார். அன்றைக்குக் காற்று அடித்ததில் பனி கலைந்திருந்தது. பகல் வெளிச்சம் இன்னும் முழுதாய்ப் போகவில்லை.

"நட்சத்திரம்னா கொஞ்சம் கொஞ்சமா நகரும்ணா. உங்க ஆளு தெனமும் ஒரே எடத்துல நிக்கறார்னு சொல்றீங்களே, அதான் இடிக்குது" என்று சொல்லிக்கொண்டே பார்த்தவர், பைனாகுலரைத் திருகி மறுபடி பார்த்தார். "அண்ணா, அது மலைக்கு மேல இல்ல. மலையிலயேதான் கீது. உச்சிப் பாறை மேல புதுசா பரண் கட்டிகீறாங்க. ஒருத்தர் டார்ச்சோட நிக்கறார்."

தீர்த்தகிரி வாங்கிப் பார்த்தார். இடது தோளைச் சாய்த்து, இடுப்பில் ஒரு கையை ஊன்றி நிற்கிற அந்த நிற்பை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீரன். இளைத்திருந்தான்.

எதிரே டார்ச் மூன்று முறை மின்னியது. ஆள் இருக்கா?

தீர்த்தகிரியின் கையில் பந்தம் எரிந்துகொண்டிருந்தது. வானத்து ஆளுக்கு எழும்பிய கை தம்பிக்கு எழும்பவில்லை. வெட்கமா, கோபமா, அழுகையா, அவருக்கே தெரியவில்லை. மறுபடி மூன்று முறை மின்னியது. மறுபடியும்.

"பதில் குடுங்கண்ணா" என்றார் கோபால். தீர்த்தகிரி பந்தத்தை அணைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

உச்சியில் இருந்த வெளிச்சம் இறங்க ஆரம்பித்தது. சரிவில் தாவியது, பள்ளத்துப் புதரில் மறைந்தது, இந்தப் பக்கம் ஏறியது. மூச்சிரைக்க வீரன் பரணடியில் வந்து நின்றான்.

"அண்ணா! இன்னாண்ணா ஆச்சி? பதில் காணோமேன்னு ஓடியாந்தேன்!"

தீர்த்தகிரி கீழே இறங்கினார். சொல்ல எத்தனையோ இருந்தது. "அன்னிக்கு நான் தூங்கிட்டண்டா" என்றார்.

"இன்னிக்குமா?"

"இன்னிக்கு முழிச்சினுதாண்டா இருந்தேன்."

வீரன் அண்ணன் தோளில் முகம் வைத்து அழுதான். பிறகு சொன்னான். மண்டி வேலைக்கு உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. மலைக்குப் பின்னால் இருக்கும் குப்பம்மாளின் ஊர் வழியாக ஏறி வந்து, உச்சிப் பாறைக்கு அந்தப்புறம், இங்கிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், கொஞ்சம் முள் வெட்டிச் சாமை போட்டிருந்தான். அண்ணன் முகத்தில் விழிக்கத் துணிச்சல் வரவில்லை. "அப்பறம் ஒருநா நீ பந்தத்த தூக்குன பாரு, எனக்குக் காலே நிக்கல. எனக்காக நீயே மொதல்ல தூக்கிட்டியேன்னு..."

"சத்தியம் பண்ணியேடா" என்றார் தீர்த்தகிரி.

"சத்தியம் பந்தத்துக்குத்தாண்ணா. டார்ச்சுக்கு இல்ல."

உண்மை தெரிந்த கோபாலும் இறங்கி வந்து, பரண் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். தீர்த்தகிரி அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. தம்பி என்று தெரிந்திருந்தால் முதலில் தூக்கியிருப்போமா? மாட்டோம். அது அவருக்கு நன்றாகத் தெரியும். வீரன் சொன்னதை மறுக்காமல் வாயை மூடிக்கொண்டார்.

ஊரெல்லாம் வீரன் அதையே பெருமையாகச் சொல்லித் திரிந்தான். எங்கண்ணன் இறங்கி வந்தாரு, மொதல்ல அவர்தான் தூக்குனாரு. மேல்நாட்டுக் கதை தெரிந்த ஊரும் தனக்குள் சிரித்துக்கொண்டதே தவிர, சேர்ந்தவர்களைப் பிரிப்பானேன் என்று அவனிடம் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் தீர்த்தகிரி பேச்சை வேறு பக்கம் திருப்புவார். உண்மையைச் சொல்லிவிட்டால் மறுபடி இறங்கிப் போய்விடுவானோ என்கிற பயம். ஒருநாள் கோபாலிடம், "இத்தினி நட்சத்திரம் கீதே, ஏன் சார் ஒருத்தரும் பதில் சொல்லல?" என்று கேட்டுவிட்டு, பதிலையும் தானே சொன்னார்: "அங்கியும் எல்லாம் பெரியவனுங்களா இருப்பானுங்க. மொதல்ல அவன் தூக்கட்டும்னு குந்திகினு இருப்பானுங்க."

வால்நட்சத்திரம் பார்க்கக் காவலூருக்குக் கூட்டம் வந்த எண்பத்தாறு வரைக்கும், அதற்குப் பிறகும், சாமைக் காலத்தில் இரண்டு பரணும் பேசிக்கொண்டுதான் இருந்தன. தீர்த்தகிரி தம்பிக்கு மூன்று முறை தூக்குவார். கொஞ்சம் பொறுத்து, முகத்தை நிமிர்த்தி, இன்னும் ஒரு மூன்று முறை தூக்குவார்.

"எனக்கு மூணு போதுமே. மீதி மூணு யாருக்குண்ணா?" என்று கேட்டான் வீரன், ஒருநாள் அறுவடைக் களத்தில் இருவரும் கூழ் குடித்துக்கொண்டிருந்தபோது.

தீர்த்தகிரி சொம்பைக் கீழே வைத்தார். இனியும் மறைக்க அவரால் முடியவில்லை. "மேல இருக்கறவங்களுக்குடா. அன்னிக்கு மொதமொதல்ல தூக்குனதும் அவங்களுக்குத்தான். நீன்னு எனக்குத் தெரியாது."

வீரன் குடிப்பதை நிறுத்திவிட்டு அண்ணனையே பார்த்தான். தீர்த்தகிரி பள்ளத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம்பி எழுந்து போகிற சத்தம் கேட்கப் போகிறது என்று நினைத்தார்.

வீரன் மிச்சக் கூழைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டான்.

"யாருக்குத் தூக்குனா இன்னாண்ணா?" என்றான். "பார்த்தவன் நானு."