அமைதி விரும்புவோருக்கான கடல்

கண்ணால் கண்டவற்றையும், காதால் கேட்டவற்றையும், உரியவரிடமே கேட்டு உறுதி செய்துகொண்டவற்றையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். இத்துணைக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. என் அக்காவின் கடற்பயணத்தைப் பற்றி எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இரண்டு கதைகள் உலவுகின்றன. கடலைக் கண்டதும் அவள் அஞ்சி அறைக்குள் ஒடுங்கிவிட்டாள் என்பது ஒன்று. விடுதிக்காரரோடு சண்டையிட்டுச் சோற்றுப் பானையை முற்றத்தில் போட்டு உடைத்தாள் என்பது மற்றொன்று. இரண்டும் பொய். பானை உடையவில்லை, இன்று காலையிலும் அவள் அடுப்பில் அதில்தான் வெந்நீர் கொதித்தது. இதை எழுதி முடித்தபின் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கொழும்பிலிருக்கும் அவள் மகனுக்கும் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். அவன் ஓர் இடத்தில் மறுத்தான். அம்மறுப்பை அதற்குரிய இடத்தில் குறிப்பிட்டிருக்கிறேன்.

அக்கா அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் குடியிருந்துகொண்டு கொழுந்து பறித்தவள். அந்த உழைப்பில் படித்துத் தமிழாசிரியை ஆனவள் நான். சென்ற ஆண்டு அவள் வேலையை விட்டு நின்றபோது, வங்கியில் பணிபுரியும் மகன், "என்னாம்மா வேணும், கேளுங்க" என்றான். அவள் யோசிக்கவே இல்லை.

"கடல்ல குளிக்கணும். ஓரமா நின்னு பாத்துட்டு வர்றதில்ல. சனத்தோட சனமா, கூச்சலும் கும்மாளமுமா குளிக்கணும்."

அதற்கு முன் அவள் கடலைக் கண்டது கொழும்பில், பேருந்தின் சன்னல் வழியாக மட்டுமே.

அக்காவின் குரலைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். அது பெரிய குரல். கொழுந்து மலையில் பெண்கள் நிரை பிரிந்து நிற்பார்கள். நடுவே ஓடை இரையும். பனி இறங்கிவிட்டால் அடுத்த நிரையில் நிற்பவளின் கூடைகூடத் தெரியாது. அங்கே ஒருத்திக்கு மற்றொருத்தி இருக்கிறாள் என்பதற்குக் குரலைத் தவிர வேறு சான்று இல்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும், கேலி பேசுவதென்றாலும், குளவி கலைந்துவிட்டது ஓடுங்கள் என்று எச்சரிப்பதென்றாலும் ஓடைக்கு அக்கரை வரை கேட்கும்படியே பேச வேண்டும். வாழ்நாள் முழுவதும் அப்படிப் பேசியவள் வீட்டுக்குள் வந்ததும் குரலை மடித்துப் பெட்டியில் வைத்துவிட முடியாது. பக்கத்தில் அமர்ந்து சர்க்கரை கேட்டாலும் அவள் அடுத்த மலைக்குக் கேட்கத்தான் கேட்பாள். எங்களுக்கு அது பழகிவிட்டது.

விடுமுறைக்கு மகன் மனைவியோடு வந்தான். நாங்கள் நால்வரும் நுவரெலியாவுக்குச் சென்று, பேருந்து நிலையத்தருகே சுற்றுலா ஒழுங்கு செய்துதரும் ஒருவரின் அலுவலகத்தில் அமர்ந்தோம். அவர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"நம்ம நாட்ட ரெண்டாப் பிரிச்சிக்கலாங்க. ஒண்ணு கலகலப்பு, ஒண்ணு அமைதி. நீங்க எது?"

ஒரு தீவு முழுவதையும் அவர் ஒரு மூச்சில் பிரித்துவிட்டார். கலகலப்பின் கீழ்த் தென்கரை வந்தது: கடைவீதி, வண்ண விளக்குகள், இறால் வடை பொரிக்கும் தள்ளுவண்டி, இடுப்பளவு நீரில் கைகோத்து நிற்கும் குடும்பங்கள். அக்காவின் முகம் மலர்ந்தது. அமைதியின் கீழ்க் கிழக்குக் கரையின் ஒரு விரிகுடா வந்தது: வெண்மணல், வெறும் சாய்வு நாற்காலிகள், மனிதரே இல்லாத நீலம். அதன் பின்னும் அவர் படங்களை நகர்த்திக்கொண்டே போனார். திடீரென்று எங்கள் மலை வந்தது.

"நிப்பாட்டுங்க தம்பி," என்றாள் அக்கா. வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இது நம்ம பெரிய தொர பங்களால்ல?"

"ஓ, நீங்க அந்தத் தோட்டமா? இப்ப அது தங்குற விடுதிங்க. நல்லா ஓடுது. அமைதி வேணுங்கிறவங்க இதத்தான் கேக்குறாங்க."

"நம்ம லயத்தக் காணோமே? பங்களாவுக்குக் கீழ, ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்கணுமே?"

அவர் புன்னகைத்தார். "லயம் தெரிஞ்சா படம் எடுபடாதுங்கம்மா."

"ஏன், நாங்க என்னா எந்நேரமும் ஒப்பாரியா வச்சிக்கிட்டு இருக்கோம்?"

படத்தின் கீழிருந்த ஆங்கில வரியை மருமகள் எனக்குத் தமிழில் சொன்னாள்: ஆள் நடமாட்டமே இல்லாத தேயிலைச் சரிவு. நான் அதை இருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். ஆள் நடமாடாத தேயிலைச் சரிவு என்று உலகில் எதுவும் இல்லை. சில காலம் ஆள் நுழையாவிட்டால் அது தேயிலைச் சரிவாக இராது, காடாகிவிடும். படத்திலிருந்த ஒவ்வொரு செடியின் தலையையும் சமன் செய்தது யாரோ ஒரு பெண்ணின் கை. அந்தக் கையை வெட்டி எறிந்துவிட்டு, அது செய்த அழகை மட்டும் அமைதி என்று பெயரிட்டு விற்கிறார்கள். இதை அவரிடம் சொல்லவும் செய்தேன். அவர் பணிவாகத் தலையசைத்து, "ரூம் பாக்குறீங்களா டீச்சர்?" என்றார்.

அக்கா தென்கரையைத்தான் கேட்டாள். மகன் கிழக்குக் கரையைத் தெரிவு செய்தான்.

"அம்மா, ஒங்களுக்கு ரெஸ்ட் வேணும். அங்க போனா ஒரே சத்தம், குடிகாரனுங்க தொல்ல."

"அமைதிய எனக்கே விக்கிறியாடா? பனியில ஆளு மொகம் தெரியாம நின்னனே, அந்த அமைதி பத்தாதா?"

அவன் சிரித்தான். தான் சிரிக்கவில்லை என்பதுதான் அவனது மறுப்பு. சிரித்ததாகவே எனக்கு நினைவு, இரண்டையும் பதிகிறேன்.

"ஒங்கம்மா கேட்டது ஒண்ணு, நீ குடுக்குறது ஒண்ணு," என்றேன் நான்.

"சித்தி, பரீட்சப் பேப்பர் மாதிரி எல்லாத்தையும் திருத்தாதீங்க."

ஒரு மனிதர் களைத்திருக்கிறார் என்றால் அவருக்கு அமைதிதான் மருந்து என்று எவர் விதித்தார்? களைப்பில் பல வகை உண்டு. தனிமையில் களைத்தவருக்குக் கூட்டமே இளைப்பாறல். அன்பின் பெயரால் ஒருவரது விருப்பத்தை மற்றொருவர் தீர்மானிக்கும்போது எனக்கு எழும் சினம், பகைவர் செய்யும் தீங்கைக் கண்டு எழும் சினத்தைக் காட்டிலும் பெரிது. பகைவரிடமாவது வாய்விட்டுச் சண்டை போடலாம். அக்கா சண்டை போடவில்லை. "சரி, கடல் எங்க இருந்தாலும் கடல்தானே" என்று எழுந்துவிட்டாள்.

வாடகை வேனில் வலப்பனை வழியாக இறங்கினோம். அக்கா புளிச்சோறு கிளறிப் பெரிய பானையோடு கொண்டு வந்திருந்தாள். பயணம் என்றால் பானை உண்டு; அது எங்கள் மக்களின் வழக்கம். வழி நெடுகப் பாட்டும் பாடினாள். விடுதி வாசலில், வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்றார்கள். பானை வேனிலேயே தங்கியது. ஓட்டுநரிடம் பின்னர் விசாரித்தேன். "நான்தாங்க டீச்சர் ரெண்டு நாளும் அதச் சாப்பிட்டேன். அருமையா இருந்திச்சி" என்றார். உடைந்ததாகச் சொல்லப்படும் பானையின் முழு வரலாறு இவ்வளவே.

மாலை வெயில் தணிந்தபின் அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கடலில் இறங்கினாள். நான் மணலில் நின்றேன். முழங்காலளவு நீரில் தயங்கினாள், பிறகு இடுப்பளவு. ஓர் அலை அவளைத் தோள்வரை நனைத்து விலகியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். எங்களுக்கு நடுவே அலை இரைந்தது. அவளுக்கு அது ஓடைதான்.

"தங்கச்சீ! உப்புக் கரிக்குதுடீ!"

அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் நான் கண்டு நெடுங்காலமாயிற்று. நானும் பதிலுக்குக் கத்தினேன். "வாய மூடிக்கிட்டுக் குளிக்கா!" என்றேன். அவள் இன்னும் பெரிதாகச் சிரித்தாள். அடுத்த அலைக்கு, மலையில் கூடை நிறைந்ததும் எழுப்பும் நீண்ட கூவலை எழுப்பினாள்.

சீருடை அணிந்த பணியாளர் ஒருவர் மணலில் விரைந்து வந்தார்.

"அம்மா, கொஞ்சம் மெதுவாக் கதைங்க. பக்கத்து அறையிலிருந்து முறைப்பாடு வந்திரிக்கி."

"என்னா தம்பி? கேக்கல!"

அவர் அலைக்கு மேல் தம் குரலை உயர்த்தவில்லை. சுட்டுவிரலை உதட்டின்மேல் வைத்துக் காட்டினார்.

அந்த விரலை என்னால் மன்னிக்க இயலவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவர் ஏவப்பட்டவர். அந்த விரலைக் கண்டதும் அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். வகுப்பில் தண்டிக்கப்பட்ட பிள்ளை போல் கரையேறினாள். சேலையைப் பிழிந்துகொண்டு அறைக்குப் போனாள். அதன்பின் அந்த விடுதியில் அவள் குரலை நான் கேட்கவில்லை. இரவு உணவின்போது உப்பைக் கையால் சுட்டிக் கேட்டாள்.

நான் மேலாளரிடம் போனேன்.

"முறையிட்டது யாரு?"

"அந்த விவரம் எல்லாம் நாங்க சொல்றதில்ல, மிஸ்."

"நாங்க வந்ததுலருந்து ரெண்டு பக்கத்து அறையிலயும் திரை விலகல, வெளக்கு எரியல. அங்க ஆளு இருக்காங்களா? அதையாவது சொல்லுங்க."

"இது அமைதியான பகுதி, மிஸ். அதுக்காகத்தான் எல்லாரும் வாறாங்க. நீங்களும் அதுக்குத்தானே வந்தீங்க?"

இக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவன் எனக்குப் பின்னால் நின்றான். "விடுங்க சித்தி, அவங்க ரூல் அது," என்றான்.

"ஒங்கம்மா வாய மூடச் சொல்றது எந்த ஊரு ரூல்டா?"

அவன் தலை குனிந்தான். கடல் எங்கள் மூவரின் பேச்சையும் விழுங்கிக்கொண்டு இரைந்தது. அந்த இரைச்சலைப் பற்றி எவரும் முறையிட்டதாகத் தெரியவில்லை.

மறுநாள் அக்கா கடலில் இறங்கவில்லை. சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் மறுநாள் வீடு திரும்பினோம். வழியில் பாட்டு இல்லை.

வீட்டிலும் அவள் மெல்லத்தான் பேசினாள். அண்டை லயத்தில் இருப்பவள் ஒருத்தி, அக்காவோடு ஒரே நிரையில் கொழுந்தெடுத்தவள், இன்னும் வேலைக்குப் போகிறவள், அக்காவை மதினி என்று அழைப்பவள். பள்ளி விடுமுறையில் லயத்தார் சேர்ந்து வேன் பிடித்துத் தென்கரைக்குப் போவதென்று ஏற்பாடு. அதற்கு அக்காவையும் அழைத்தாள். அக்கா தலையை மட்டும் அசைத்து மறுத்தாள். "நான் வந்தா சத்தம் போடுவேன்" என்று என்னிடம் தனியே சொன்னாள். அவ்வளவு பெரிய குரலை ஒரு விரல் அப்படி ஆக்கியிருந்தது.

இந்நிலையில்தான் பெரட்டுக்களத்தில், காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், ஓர் அறிவிப்பு வந்தது. பங்களாவுக்குக் கீழுள்ள மலையில் கொழுந்தெடுப்பவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடக் கூடாது, விருந்தினர்களிடமிருந்து முறைப்பாடு. நான் இதைச் செவிவழிச் செய்தியாக ஏற்கவில்லை. அறிவித்த கங்காணியையே வழியில் மறித்துக் கேட்டேன்.

"மேலருந்து சொன்னாங்க டீச்சர். நான் என்னா செய்ய?"

"மேலன்னா யாரு?"

"மேலன்னா... மேலதான்."

"குளவி கலைஞ்சா? அப்பவும் காதோட காதாத்தான் சொல்லணுமா?"

அவர் சற்று யோசித்தார். "அதுக்குக் கத்தலாம்னு நெனைக்கிறேன்," என்றார்.

கடற்கரையில் நாங்கள் விருந்தினர். அங்கே எங்கள் குரல் தொல்லை. மலையில் நாங்கள் குடியிருப்பவர். இங்கேயும் எங்கள் குரல் தொல்லை. எந்த இடத்தில்தான் இக்குரலுக்கு உரிமை என்று அந்த நுவரெலியா அலுவலகத்துத் திரையில் யாரேனும் எனக்குக் காட்டட்டும். இச்செய்தியை அக்காவிடம் நான்தான் சொன்னேன். அவள் உலைக்கு அரிசி களைந்தாள்.

சில நாள் கழித்து, காலையில், அக்காவும் நானும் லயத்தின் கோடியில் குழாயடியில் நின்றோம். பனி அடர்ந்திருந்தது, ஓடைக்கு அக்கரையில் பங்களா மலை இருந்த இடத்தில் வெண்மைதான் இருந்தது. அதற்குள்ளிருந்து, பங்களாவுக்கு நேர் கீழிருந்து, அண்டை லயத்தவளின் குரல் வந்தது.

"மதினியோவ்! கடலுக்கு வர்றீங்களா இல்லியா? வேன்ல ஒரே ஒரு சீட்டுதான் இருக்கு! இன்னிக்கிச் சொல்லிரணும்!"

அக்கா வாளியைக் கீழே வைத்தாள். வலக்கையை வாயருகே குவித்தாள். ஒரு கணம் மேலே, பங்களா இருக்கும் திசையைப் பார்த்தாள்.

"வர்றேன்டீ! சன்னலோரம் எனக்கு! சோத்துப் பானையும் நான் கொண்டாறேன்!"

அது மலையில் மோதித் திரும்பி வந்தது. பனிக்குள் முகம் தெரியாத பெண்கள் ஒவ்வொரு நிரையிலிருந்தும் சிரித்தார்கள்.

"ஒடைக்காமக் கொண்டாங்க மதினி!" என்றாள் வேறொருத்தி.

"மொதல்ல ஒன் மண்டையில ஒடைக்கிறேன், இரு!" என்று அக்கா கூவினாள். அதற்கும் சிரிப்பு எழுந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனவள், என்னிடம் சர்க்கரை எங்கே என்று அடுத்த மலைக்குக் கேட்கக் கேட்டாள்.

இனி, எனக்குத் தெரியாதவை. கிழக்குக் கரை விடுதியில் எங்கள் பக்கத்து அறைகளில் ஆட்கள் இருந்தனரா என்பது தெரியாது. இருந்திருந்தால் அவர்கள்தாம் முறையிட்டனரா என்பதும் தெரியாது. பங்களாவில் முறையிட்டவர் யார், அல்லது முறையிட்டவர் என ஒருவர் உண்டா என்பதும் தெரியாது. அன்று காலை அக்காவின் குரல் பங்களா வரை எட்டியதா என்று கேட்டுப் பார்த்தேன், சொல்பவர் இல்லை. தென்கரைப் பயணம் இன்னும் நடைபெறவில்லை.