மூன்று கழுத்துப் பனியன்

பி.யு.சி. முடித்த கோடையில் என் தலையெழுத்து எட்டு என்ற எண்ணிடம் போய் மாட்டிக்கொண்டது. இன்று சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். அன்று எனக்கு அழுகைதான் வந்தது.

அப்பா ராயபுரத்தில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்தினார். எனக்கோ கோயமுத்தூரில் விடுதியில் தங்கி பி.எஸ்ஸி. கணக்கு படிக்க ஆசை. சாமளாபுரத்தில் தறி வைத்திருந்த ஒரு குடும்பம் என்னைப் பெண் கேட்டு ஆள் விட்டிருந்தது. அப்பாவுக்கு இரண்டிலும் மனசில்லை. மகள் கம்பெனியிலேயே உட்கார்ந்து சரக்கைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று நினைத்தார். கல்லூரியில் சேர மறுநாள் கடைசி நாள். மனிதர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வாயில் கொழுக்கட்டையை வைத்திருப்பவரிடம் என்ன பேசுவது?

அன்று மத்தியானம் கரண்ட் போனது. மெஷின்கள் நின்றன. அப்பா வெட்டு மேசையோரம் வந்து உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, காலேஜுல அப்படி என்னதான் சொல்லித் தர்றாங்க? எனக்குப் புரியற மாதிரி ஒண்ணு சொல்லு. நாயமா இருந்துதுன்னா உன்னைக் காலேஜுக்குத் தாட்டி உடறதப் பத்தி ரோசன பண்றேன்."

சுலபமான ஒன்றைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். எனக்குத்தான் மேதாவித்தனம் ஆயிற்றே!

"எந்த நம்பர மூணு வாட்டி பெருக்குனா எட்டு வருமுங்கப்பா?"

"ரெண்டு. ஈரெண்டு நாலு, நாலெரண்டு எட்டு. இதுக்கு எதுக்குக் காலேஜு?"

"இன்னும் ரெண்டு விடை இருக்குதுங்கப்பா. மொத்தம் மூணு."

அப்பாவின் முகம் மாறிவிட்டது. "ஒரே கணக்குக்கு மூணு விடையா? அதுல எது நெசம்?"

"மூணும் நெசந்தானுங்க."

"அட கெரகமே! இந்தப் பித்தலாட்டத்தப் படிக்கறதுக்கா உன்னை ஊரு உட்டு ஊரு தாட்டி உடணும்?"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பலகை இருந்தால் வரைந்தே காட்டுவேன் என்றேன். அவர் மேசையில் அடுக்கி விரித்திருந்த துணியைக் காட்டி, "அதுலயே போடு" என்று சாக்பீஸை என் கையில் கொடுத்தார். அவர் கொடுத்தார் என்பதை யாரும் மறந்துவிடக் கூடாது.

வரைந்தேன். எண்கள் ஒரே கோட்டில் வரிசையாக நிற்பவை மட்டும் அல்ல, நாலா பக்கமும் நிற்கும் என்று ஆரம்பித்தேன். ஒவ்வொன்றுக்கும் நடுவிலிருந்து ஒரு தூரம், ஒரு கோணம். இரண்டைப் பெருக்கினால் தூரங்கள் பெருகும், கோணங்கள் கூடும். எட்டுக்குத் தூரம் எட்டு, கோணம் சைபர். ஆனால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாலும் அதே இடத்துக்குத்தானே வருகிறோம்? ஆகவே அதன் கோணத்தை முந்நூற்று அறுபது என்றும் சொல்லலாம், இன்னொரு சுற்றுச் சுற்றி எழுநூற்று இருபது என்றும் சொல்லலாம். விடையின் கோணம் மூன்று முறை கூடித்தானே இது வருகிறது? மூன்றால் வகுத்தால் சைபர், நூற்று இருபது, இருநூற்று நாற்பது. அந்த மூன்று திசையிலும் இரண்டு தூரத்தில் ஆளுக்கொரு விடை நிற்கிறது.

அப்பாவுக்குக் கண் கொஞ்சம் மங்கல். அதனால் கோணங்களை எழுத வெளியே ஒரு பெரிய வட்டம் போட்டு, உள்ளே விடைகளின் புள்ளிகளைத் டீ வாங்கி வரும் தூக்குப்போசியின் மூடியை வைத்துப் பெரிது பெரிதாக வரைந்தேன். "தெரியுதுங்களாப்பா?" என்று கேட்கும்போதே கரண்ட் வந்துவிட்டது. அப்பா மெஷினைப் பார்க்க ஓடினார். நான் சாப்பிடப் போனேன்.

எங்கள் ஊர்க் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. அடுக்கின் மேல் துணியில் சாக்பீஸ் கோடு இருந்தால் அது முதலாளி உத்தரவு. ஏன், எதற்கு என்று கேட்கிறவன் தொழில் தெரியாதவன். எங்கள் கட்டிங் மாஸ்டர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு கேள்வியும் கேட்டதில்லை என்று பெருமை பேசுகிறவர். டீ குடித்துவிட்டு வந்தார், கோட்டைப் பார்த்தார், கத்திரியை எடுத்தார்.

நான் கை கழுவிவிட்டு வரும்போது அடுக்கு முழுவதும் வட்டம் வட்டமாக, வட்டத்துக்கு மூன்று ஓட்டையாகக் கிடந்தது. அப்பா அதன் முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"இதென்ன மாஸ்டரே, பனியனா? இட்லித் தட்டா?"

"கோடு இருந்துதுங்க, வெட்டிப்போட்டனுங்க," என்றார் மாஸ்டர். "எறநூத்தி நாப்பது சைஸுன்னு பாத்ததுமே எனக்கும் ஒரு ரோசனதானுங்க. அத்தாப்பெரிய நெஞ்சு ஆருக்குன்னு. செரி, கோயில் யானைக்கு இருக்குமுன்னு உட்டுட்டனுங்க."

"யானைக்கு எதுக்குய்யா பனியன்?"

"அதக் கேக்கறது என்ற வேல இல்லீங்களே."

அப்பாவுக்கு மூக்கு விடைத்தது. "இத மனுசன் போட முடியுமா? நீங்களே பாருங்க!" என்று ஒரு வட்டத்தை எடுத்துத் தலையில் மாட்டினார். பனியன் துணி, இழுத்தால் நீளும். தலை வெளியே வந்தது. வீம்புக்கு இரண்டு கைகளையும் மற்ற ஓட்டைகளில் விட்டார். அவையும் வந்தன. நெஞ்சின் மேல் துணி தொங்க, கல்யாண வீட்டுச் சமையல்காரர் போல நின்றார்.

"பொருந்துதுங்களே!" என்றார் மாஸ்டர், பரவசமாக.

அப்பா எரிச்சலோடு கழற்றி, மாஸ்டரைப் பொய்யாக்க மறுபடி மாட்டினார். அதே மாதிரி நின்றது. கழற்றி, தலை போன ஓட்டை இதுதானா, அதுவா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். தெரியவில்லை. தெரியாதுதான்! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"எதுல உட்டாலும் ஒண்ணுதானுங்கப்பா! மூணுல ஒரு பங்கு திருப்புனா இது இருந்த எடத்துக்கு அது வந்துருமுங்க. மூணும் கழுத்துதானுங்க!"

அவர் மூன்றாவது முறையும் மாட்டிப் பார்த்தார். தலை வெளியே வந்தபோது அந்த முகத்தில் கோபம் இல்லை.

"அடேங்கப்பா," என்றார். "எட்டுக்கு மூணு விடை!"

ஜெயித்துவிட்டேன் என்று குதித்தேன். அப்பா லேசுப்பட்ட ஆளா? வட்டத்தைப் போட்டபடியே நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

"அப்ப சரி கண்ணு. நீ காலேஜு போனாலும் ஒரு விடை, சாமளாபுரத்துக்கு வாக்கப்பட்டுப் போனாலும் ஒரு விடை, இங்கயே ஊட்டோட இருந்தாலும் ஒரு விடை. மூணும் நெசந்தான். பொறவு எதுக்கு மெனக்கெட்டுக் கோயமுத்தூரு?"

என் கணக்கே என் கழுத்தைப் பிடித்துவிட்டது. பயத்தில் கண்ணில் தண்ணீர் முட்டியது. கல்லூரி கைவிட்டுப் போயேவிட்டது என்று நினைத்தேன். அந்த ஆத்திரத்தில்தான் வார்த்தை வந்தது.

"மூணும் கழுத்துதானுங்கப்பா, நான் இல்லைன்னு சொல்லலீங்க. ஆனா எதுல தல போகோணுமின்னு போட்டுக்கறவங்கதானுங்களே சொல்லோணும்? மாஸ்டரா வந்து சொன்னாருங்க உங்களுக்கு?"

"நான் ஒண்ணுமே சொல்லலீங்க," என்றார் மாஸ்டர் அவசரமாக.

அப்பா அவரைப் பார்க்கவில்லை. குனிந்து தன் நெஞ்சில் தொங்கிய துணியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார், சாமான் வாங்க வந்தவரிடம் கேட்பது போல, வெகு மரியாதையாக.

"நீ எதுல உடறே, கண்ணு?"

அதுவரை என்னை யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்லை.

"கோயமுத்தூருங்கப்பா," என்றேன்.