சுருக்கம் எழுதத் தேவையில்லை

நீளம் தாண்டுவது எப்படி என்று வாயால் சொல்லிக் கொடுத்திருக்கலாம். ஐம்பத்தோரு வயதில் தாண்டிக் காட்டப் போனதுதான் வினையாகிவிட்டது. மணலில் விழுந்தபோது வலது முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது போலிருந்தது. அறுவை சிகிச்சை முடிந்ததும் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: நடக்கலாம், இனி ஓட முடியாது.

அவர் அந்தப் பள்ளியில் இருபத்தாறு வருடம் விளையாட்டு ஆசிரியர். தாமதமாக வந்தாலும், வரிசையில் பேசினாலும், சும்மா நின்றாலும் அவருடைய தீர்ப்பு ஒன்றுதான்: "ரெண்டு ரவுண்டு ஓடு." அதனால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயரும் ரெண்டு ரவுண்டு. அது அவருக்கும் தெரியும். காதில் விழாதது போல இருந்துகொள்வார்.

மூன்று மாதம் கழித்து அவர் கைத்தடியோடு திரும்பி வந்தபோது மைதானத்தில் வேறொரு இளைஞர் நின்றிருந்தார். தலைமையாசிரியை அவரை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"உங்களை வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசில்ல சார். லைப்ரரியைப் பார்த்துக்கோங்க. உட்கார்ந்து செய்யுற வேலைதான்."

"புத்தகத்துக்கும் எனக்கும் ரொம்ப தூரம் மேடம்."

"ஆளில்லாம பூட்டித்தானே கிடக்கு. நீங்க திறந்து வச்சாப் போதும்."

சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டிய நீளமான அறை அது. ஏழு இரும்பு பீரோக்கள், ஆறு பெஞ்சுகள், ஒரு மேசை. ஜன்னலைத் திறந்தால் மைதானம் தெரியும். அவர் இரண்டு நாள் பீரோக்களைத் துடைத்தார். மூன்றாம் நாள் துடைக்க ஒன்றுமில்லை. எந்நேரமும் பத்துப் பிள்ளைகள் சட்டையைப் பிடித்து இழுக்க வாழ்ந்த மனிதருக்கு இப்போது பேச்சுத்துணைக்கு ஒரு ஈ, காக்கைகூடக் கிடையாது. வெளியே பந்து அடிபடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்ப்பார். பிறகு அதுவும் வேண்டாமென்று ஜன்னலைச் சாத்திவிட்டார்.

வீட்டிலும் அப்படித்தான். அண்ணன் வீட்டு மாடியறையில் இருந்தார். கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், ஒரு கட்டத்தில் எல்லோரும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள். அண்ணி அவருடைய சாப்பாட்டைத் தட்டுப் போட்டு மூடி வைத்துவிடுவார். அவர்களிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் இருப்பது அவர்களுக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

பொழுது போகாமல்தான் ஒருநாள் ஒரு நாவலை எடுத்தார். தபால்காரர் தவறுதலாக வேறு வீட்டில் போட்டுவிட்ட ஒரு கடிதத்தின் கதை. அந்த வீட்டுப் பெண் அதைப் பிரித்துப் படித்து, பதிலும் எழுதிவிடுகிறாள். அவர் எழுத்துக் கூட்டாத குறையாக, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். நாளுக்குப் பத்துப் பக்கம். கடைசிப் பக்கம் வந்த அன்று மதியச் சாப்பாட்டு மணி அடித்ததே அவருக்குத் தெரியவில்லை.

அன்றிரவு கீழே இறங்கி வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணா, ஒரு கதை படிச்சேன்."

"ம்," என்றார் அண்ணன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கடைசியில அந்தப் பொண்ணு ஒரு கடிதாசி எழுதுறா. ஆனா அனுப்பல. அது ஏன்னுதான் எனக்குப் பிடிபடல."

"கதைதானே, விடு. கால் வலி எப்படி இருக்கு?"

"பரவால்ல" என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தபடி மாடியேறினார்.

நூலகச் சுவரில் ஒரு பழைய அறிவிப்பு ஒட்டியிருந்தது. படித்த புத்தகத்தின் சுருக்கத்தை ஒரு பக்கம் எழுதி, வகுப்பாசிரியரிடம் கையெழுத்து வாங்கி வந்தால்தான் அடுத்த புத்தகம். தான் செய்து பார்க்காத பயிற்சியைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை என்பது அவர் மைதானத்தில் வைத்திருந்த வழக்கம். அதனால் ஒரு தாளை எடுத்துத் தன் நாவலுக்குச் சுருக்கம் எழுத உட்கார்ந்தார். முக்கால் மணி நேரத்தில் நாலு வரி வந்தது. படித்துப் பார்த்தால் யாருடைய கதையோ போலிருந்தது. எழுந்து போய் அறிவிப்பைக் கிழித்தெடுத்தார்.

செய்தி தலைமையாசிரியையின் காதுக்குப் போயிற்று.

"சுருக்கம் இல்லன்னா பிள்ளைங்க படிச்சாங்களா, புரட்டுனாங்களான்னு எப்படி சார் தெரியும்?"

"கிரவுண்டுல விளையாடிட்டு வர்ற பிள்ளைகிட்ட, விளையாட்டைப் பத்தி ஒரு பக்கம் எழுதுன்னு நாம கேட்டதில்லயே மேடம். கேட்டிருந்தா ஒருத்தனும் கிரவுண்டுக்கு வந்திருக்க மாட்டான்."

தலைமையாசிரியை பேனாவை மூடி வைத்தார். "சரி, இந்த வருஷம் முடியட்டும். பார்ப்போம்."

முதலில் வந்தது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. மூச்சிரைப்பு இருந்ததால் விளையாட்டுப் பீரியடில் அவளை இங்கே அனுப்பியிருந்தார்கள். வேண்டாவெறுப்பாக ஒரு புத்தகத்தை எடுத்தாள், வைத்தாள். இன்னொன்றை எடுத்து மூன்று பக்கம் புரட்டிவிட்டு அவரைத் திருட்டுத்தனமாகப் பார்த்தாள்.

"பிடிக்கலன்னா வச்சிரு," என்றார் அவர்.

"முடிக்காம வைக்கலாமா சார்?"

"நானே நாலு வச்சிருக்கேன். முழுசா முடிச்சது ஒண்ணே ஒண்ணு."

அவள் முதல்முறையாகச் சிரித்தாள். அன்று ஏழு புத்தகங்களை எடுத்து வைத்தாள். எட்டாவதோடு ஜன்னலோரம் உட்கார்ந்தவள், மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. அடுத்த வாரம் தோழிகள் இருவரோடு வந்தாள். பெஞ்சு குத்துகிறது என்றார்கள். அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். குட்டிக்கரணம் போடும் பழைய மெத்தைகள் மூன்று சும்மா கிடந்தன. புது ஆசிரியர் தாமே சுமந்து வந்து தரையில் விரித்துக் கொடுத்தார். மெத்தையில் புரளலாம் என்றுதான் பலர் வந்தார்கள். புரண்ட பிறகு, சும்மா கிடப்பானேன் என்று கையில் ஒன்றை எடுத்தார்கள். ஒருத்தி குலுங்கிச் சிரித்தால் பக்கத்தில் இருப்பவள் "எந்தப் பக்கம்?" என்று கேட்பாள். "போ, நீயே படிச்சுக்கோ" என்று பதில் வரும்.

அரையாண்டுத் தேர்வுக்குள் சாப்பாட்டு இடைவேளையில் நாற்பது பேர் ஆகிவிட்டார்கள்.

அவருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒன்றை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. மைதானத்தில் பிள்ளைகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இங்கே வணக்கம் வைப்பதுகூடப் புத்தகத்திலிருந்து கண்ணெடுக்காமல்தான். நாற்பது தலைகள் குனிந்திருக்கும் அறையில் அவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். ஏதாவது கேட்கலாமா என்று வாயெடுப்பார். படிக்கிற பிள்ளையைக் கெடுப்பானேன் என்று மூடிக்கொள்வார்.

வருடக் கடைசியில் அந்த மூச்சிரைப்புப் பெண் அவருடைய நாவலைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். அவள் அதை எடுத்துப் போனதே அவருக்கு நினைவில்லை.

"இதைப் படிச்சியா? அவ ஏன் அந்தக் கடைசிக் கடிதாசியை அனுப்பல?" அவசரமாகக் கேட்டார்.

"பயம் சார்."

"பயமா? எனக்கு அப்படித் தோணல. எழுதினதே அவளுக்குப் போதும்னு இருந்திருக்கும்."

"யாராவது படிக்கணும்னுதானே சார் எழுதுவாங்க? போதும்னா எதுக்கு அதை அலமாரியில பூட்டி வைக்கணும்?"

அவர் பக்கத்தைத் தேடி எடுத்தார். அவள் அதற்கு முந்தைய பக்கத்தைக் காட்டினாள். மணி அடிக்கும்வரை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. போகும்போதுதான் சொன்னாள்:

"அப்பாவுக்கு மாத்தலாயிடுச்சு சார். அடுத்த வருஷம் வேற ஸ்கூல்."

"அங்க லைப்ரரி இருக்கா?"

"தெரியல சார்."

"பூட்டியிருந்தா சாவி யார்கிட்ட இருக்குன்னு கேளு. விட்டுராத."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அவர் அந்த இரண்டு பக்கங்களையும் மறுபடி படித்தார். அவள் சொன்னது சரியாக இருக்குமோ என்று பட்டது. சொல்லலாமென்றால் ஆள் போய்விட்டிருந்தாள்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது, பிள்ளைகளின் கூட்டத்தைக் காரணம் காட்டி, தலைமையாசிரியை முறையாகப் படித்த ஒரு நூலகரையே கேட்டு வாங்கியிருந்தார். இவருக்கு இனி ஆபீசில் வருகைப் பதிவேடு எழுதும் வேலை. "உங்களாலதான் சார் இது நடந்துச்சு," என்றார் தலைமையாசிரியை. அதில் பொய்யில்லை. அவர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்தார்.

ஒரு வாரம் ஆபீசிலேயே சாப்பிட்டார். எட்டாம் நாள் இடைவேளையில் கால்கள் தாமாகவே சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் போயின. நூலகரம்மா எழுந்து நின்றார்.

"என்ன சார் வேணும்?"

"எனக்கு ஒரு கார்டு போட்டுத் தரணும்."

"ஸ்டாஃபுக்குக் கார்டு தேவையில்ல சார். எது வேணுமோ எடுத்துக்கோங்க."

"இல்லம்மா, ஒண்ணு போடுங்க."

நூலகரம்மா எழுதிக் கொடுத்தார். அவர் மூன்றாவது பீரோவிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு திரும்பினார். மெத்தைகளில் இடமில்லை, இருந்தாலும் தரையில் உட்காரும் அளவுக்கு முழங்கால் மடங்காது. பெஞ்சு ஓரமாக நின்றார். அங்கே உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பிள்ளை, வந்தது யாரென்றுகூடப் பாராமல், பக்கத்தைப் புரட்டியபடியே கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது. அவர் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்து முதல் வரியில் விரலை வைத்தார்.